நிலத்துக்கு அடியில் இருப்பதும் நம் கையில் இருக்க வேண்டியதும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



போன வருஷம் இந்த மேடையில் காளான் வளர்ப்பு பற்றிப் பேசினார்கள். அதற்கு முந்தின வருஷம் வங்கிக் கடன். இந்த வருஷம் என்னை எரிவாயுக் கிணறு பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "அக்கா, உங்க அம்மா நிலத்துலதானே கிணறு போட்டாங்க, நீங்களே சொல்லுங்க" என்றார் செயலாளர். நான் பெரிய படிப்பு படித்தவள் இல்லை. பத்தாவதுதான். குழுவில் கணக்கு எழுதுகிறேன். என் மகள் கல்லூரியில் நிலவியல் படித்தாள். அவள் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குச் சொன்னதையும், அம்மா நிலத்தில் நாங்கள் பட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. எரிவாயு பூமிக்கு அடியில் எப்படி இருக்கிறது? நம்மில் பல பேர் நினைப்பது என்ன? கீழே பெரிய குளம் மாதிரி, தொட்டி மாதிரி இருக்கும், குழாய் விட்டு உறிஞ்சுவார்கள் என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மகள் சிரித்தாள். "அம்மா, இட்லியைப் பிட்டுப் பாரு. உள்ளே பொடிப்பொடியா ஓட்டை இருக்குல்ல? அந்த மாதிரி பாறைக்குள்ள இருக்கிற ஓட்டையிலதான் வாயு இருக்கு" என்றாள். ஆற்று மணல் நாளாக நாளாகக் கெட்டிப்பட்டுக் கல்லானால் அது மணற்பாறை. அந்த மணலுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் தண்ணீரும் இருக்கும், எண்ணெயும் இருக்கும், வாயுவும் இருக்கும்.

அது அங்கே எப்படி வந்தது? நம் டெல்டா பார்க்கத் தட்டையாக இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வயல்தான். ஆனால் கீழே அப்படி இல்லை. புதைந்த மேடுகளும் பள்ளங்களும் இருக்கின்றன. தஞ்சாவூர்ப் பள்ளம், நாகப்பட்டினப் பள்ளம், தரங்கம்பாடிப் பள்ளம் என்றும், கும்பகோணம்–மாதானம் மேடு, பட்டுக்கோட்டை–மன்னார்குடி மேடு என்றும் நிலவியல்காரர்கள் பேர் வைத்திருக்கிறார்கள். 10 கோடி வருஷத்துக்கும் முன்னால், இந்தியா மற்றக் கண்டங்களை விட்டுப் பிரிந்தபோது, இங்கே தரை பிளந்து இறங்கிய பள்ளங்கள் அவை. அதில் கடல் வந்தது. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் கடல் சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கடலில் செத்து மூழ்கிய சின்னச் சின்ன உயிர்களும், ஆறு அடித்துக்கொண்டு வந்த செடி கொடிகளும் சேற்றோடு புதைந்தன. மேலே மேலே மண் ஏறியது. கீழே சூடும் அழுத்தமும் கூடின. சேறு வெந்தது. அதிலிருந்து எண்ணெயும் வாயுவும் பிறந்தன.

இன்னொரு சங்கதி கேளுங்கள். கீழே இருக்கும் அந்தப் பாறை அடுக்குகளுக்கு நம் ஊர்ப் பேர்தான் வைத்திருக்கிறார்கள். ஆண்டிமடம் அடுக்கு, புவனகிரி அடுக்கு, நன்னிலம் அடுக்கு, கமலாபுரம் அடுக்கு, நிரவி அடுக்கு. எங்கள் மகள் பாடப் புத்தகத்தில் இதைக் காட்டியபோது, நன்னிலத்தில் வாக்கப்பட்ட என் நாத்தனார் "எங்க ஊரு மண்ணுக்கு இவ்ளோ வயசா!" என்று வாயில் கை வைத்தார்.

வாயு தண்ணீரைவிட லேசு. அதனால் பாறைச் சந்து வழியாக மேலே மேலே ஏறும். வழியில் கெட்டியான களிமண் பாறை குறுக்கே வந்தால் அதைத் தாண்ட முடியாது. இட்லிப் பானைக்கு மூடி போட்டால் ஆவி உள்ளே தங்குகிற மாதிரி அங்கேயே தங்கிவிடும். ஆக மூன்று வேண்டும்: வாயு பிறக்கிற சேற்றுப் பாறை, தங்குகிற ஓட்டைப் பாறை, மூடுகிற கெட்டிப் பாறை. மூன்றும் ஒரே இடத்தில் அமைந்தால்தான் கிணறு வாய்க்கும். இல்லாவிட்டால் வெறும் உப்புத் தண்ணீர்தான் வரும்.

நம் போர்க் கிணறு எவ்வளவு ஆழம்? 100 அடி, 200 அடி, போனால் 300 அடி. இந்த வாயு இருப்பது ஒன்றரை கிலோமீட்டரில் இருந்து மூன்று, நான்கு கிலோமீட்டர் ஆழம் வரை. துளையிடும்போது நம் குடிதண்ணீர் அடுக்கைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் குழாய்க்குள் குழாயாக இறக்கி, குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவில் சிமெண்ட் ஊற்றுவார்கள். அந்த இரும்பும் சிமெண்டும் ஒழுங்காக இருந்தால் மேல் தண்ணீருக்கும் கீழ் வாயுவுக்கும் சம்பந்தம் இல்லை. கெட்டுப்போனால் சம்பந்தம் வந்துவிடும். அதனால்தான் "கிணறு நல்லா இருக்கா" என்று கேட்கிற உரிமை பக்கத்தில் குடியிருக்கும் நமக்கும் உண்டு என்கிறேன்.

இப்போது எங்கள் கதைக்கு வருகிறேன்.

அப்பா காலமாகும்போது எனக்கு ஒன்பது வயது. நாலு மா நிலம். தாத்தா காலத்தில் இருந்து பிரிக்காத கூட்டுப் பட்டா. அதில் தாத்தா பேர், பிறகு பெரியப்பா பேர். அம்மா பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. ஆனால் நாற்று விடுவதும், களை எடுப்பதும், மடை திறக்கக் காலையில் மண்வெட்டியோடு போவதும் அம்மாதான்.

முதலில் ஆட்கள் வந்து வயல் குறுக்கே ஒயர் போட்டு, குழி தோண்டி வெடி வைத்தார்கள். அந்த அதிர்வு கீழே போய்ப் பாறையில் பட்டுத் திரும்பி வருவதை வைத்து மேடு பள்ளம் கண்டுபிடிப்பார்களாம். அப்போது எங்களுக்கு அது தெரியாது. பிறகு ஒருநாள் ஜீப்பில் வந்தார்கள். பெரியப்பா திண்ணையில் பேசினார். அம்மாவைக் கூப்பிட்டு, "இதுல ஒரு கைநாட்டு வையும்மா, நிலத்தைக் குத்தகைக்குக் கேக்கறாங்க" என்றார். அம்மா வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் வாசிக்கவில்லை. பெரியப்பாவும் வாசிக்கவில்லை. இதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் காகிதம் என்றால் பயம்தான்.

வயலில் செம்மண்ணும் கப்பியும் கொட்டி மேடாக்கினார்கள். ராத்திரி பகலாக விளக்கு எரிந்தது. கிணறு வாய்த்தது. இரும்பில் அடுக்கடுக்காக வால்வு வைத்து ஒன்றை நிறுத்தினார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேர் கிறிஸ்துமஸ் மரம். ஊரே எங்களைப் பார்த்து, "உங்களுக்கு என்னம்மா, கோடி கோடியா வருமே" என்றது. வந்தது வருஷக் குத்தகைப் பணம் மட்டும்தான். அதுவும் பெரியப்பா பேரில் வரும். அவர் கொடுத்ததை அம்மா வாங்கிக்கொள்வார்.

ஏன் கோடி வரவில்லை? இதைத் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் டெக்சாஸ், லூசியானா மாதிரி இடங்களில் நிலத்துக்காரருக்கே அடியில் இருக்கும் வாயுவிலும் உரிமை உண்டு. கம்பெனி அவரிடம் ஒப்பந்தம் போடும். எடுக்கிற வாயுவில் அவருக்குப் பங்கு போகும். எட்டில் ஒரு பங்கு என்பது அங்கே பழைய வழக்கம். அந்த அடி உரிமையை மட்டும் தனியாக விற்கவும் செய்வார்களாம். நம் நாட்டில் அப்படி இல்லை. எண்ணெய், எரிவாயு எடுக்க அனுமதியும் குத்தகையும் கொடுப்பது அரசு. 1948-ஆம் வருஷத்து எண்ணெய் வயல் சட்டத்தின் கீழ் அது நடக்கிறது. கரையில் எடுக்கும் எரிவாயுவுக்கு, கிணற்றடி மதிப்பில் 10 சதவீதம் ராயல்டி. அது மாநில அரசுக்குப் போகிறது. நமக்கு வருவது மேல் நிலத்தைப் பயன்படுத்திக்கொள்வதற்கான வாடகையும், பயிர் அழிந்தால் அதற்கான இழப்பீடும்தான். வாயு கோடிக்குப் போனாலும் நம் குத்தகை அதோடு சேர்ந்து ஏறாது. ஆகவே அடியில் இருப்பதை நினைத்துக் கனவு காண வேண்டாம். மேலே இருப்பதை விட்டுவிடவும் வேண்டாம்.

சில வருஷம் போனது. கிணற்றில் வரத்து குறைந்துவிட்டது என்றார்கள். "நல்லாத்தானே வந்துச்சு, யாரோ பக்கத்துல உறிஞ்சிட்டாங்க" என்று ஊரில் பேச்சு. அப்படி இல்லை. சைக்கிள் டியூப்பில் வால்வைப் பிடுங்கினால் முதலில் 'புஸ்'ஸென்று காற்று வரும். பிறகு மெல்ல மெல்லக் குறையும். கிணறும் அப்படித்தான். கீழே இருக்கும் அழுத்தம்தான் வாயுவைத் தள்ளுகிறது. எடுக்க எடுக்க அழுத்தம் இறங்கும். முதல் வருஷங்களில் சரசரவென்று இறங்கும், பிறகு நிதானமாக இறங்கும். அழுத்தம் குறைந்ததும் அடியில் இருக்கும் உப்புத் தண்ணீர் துளைக்குள் ஏறி வாயுவை அமுக்கும். ஒரு கட்டத்தில் செலவுக்குக் கட்டாது. அப்போது துளைக்குள் பல இடத்தில் சிமெண்ட் அடைப்புப் போட்டு மூடிவிடுவார்கள். எல்லாக் கிணறும் ஒருநாள் மூடுகிற கிணறுதான். எந்த வாயுக் கிணறும் பரம்பரைச் சொத்து இல்லை. நிலம்தான் பரம்பரை.

எங்கள் கிணற்றையும் மூடினார்கள். நிலம் திரும்பி வந்தது. எப்படி வந்தது? முழங்கால் உயரம் கப்பியும் செம்மண்ணுமாக வந்தது. ஏர் இறங்கவில்லை. தண்ணீர் விட்டால் ஒரு பக்கம் தேங்கியது, மறு பக்கம் காய்ந்தது. முதல் வருஷம் நட்ட நாற்று மஞ்சளாகிப் போனது. அப்போதுதான் நான் குழுவில் சேர்ந்திருந்தேன். என் முதல் உள் கடன் 5,000 ரூபாய், அந்த நிலத்துக்குத்தான். கப்பியை அள்ளினோம். ஏரி வண்டல் அடித்தோம். சணப்பும் தக்கைப்பூண்டும் விதைத்து மடக்கி உழுதோம். மூன்று வருஷம் ஆனது பழைய விளைச்சலைப் பார்க்க.

பெரியப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே அந்தக் குத்தகைப் பத்திரம் இருந்தது. நான் உட்கார்ந்து வாசித்தேன். "குத்தகை முடிந்ததும் நிலத்தைச் சாகுபடிக்கு ஏற்ற பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும்" என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே இன்னொரு காகிதம். "நிலத்தைச் சரியான நிலையில் திரும்பப் பெற்றுக்கொண்டேன்" என்று பெரியப்பா கையெழுத்து. கப்பி முழங்கால் அளவு கிடந்தபோதே போட்ட கையெழுத்து அது.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "என்னை ஒரு தடவ வரப்புல நிக்கவச்சுக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே, சரியா இல்லைன்னு."

சகோதரிகளே, அந்த மூன்று வருஷ விளைச்சலையும், 5,000 ரூபாய் கடனையும், அம்மாவின் முதுகு வலியையும் எங்களுக்கு யாரும் திருப்பித் தரப்போவதில்லை. நான் யாரையும் திட்ட இந்தக் கதையைச் சொல்லவில்லை. நம் குழுவில் என்ன பழக்கம்? தீர்மானப் புத்தகத்தை வாசித்துக் காட்டாமல் யாராவது கையெழுத்துப் போடுவோமா? போட மாட்டோம். 50 ரூபாய் அபராதத்துக்கே வாசித்துக் காட்டச் சொல்கிறோம். ஆனால் நாலு மா நிலத்துக்கு வாசிக்காமல் கைநாட்டு வைத்தோம்.

இனிமேல் நமக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்கள், அன்றைக்கு நாகப்பட்டினத்தோடு இருந்த மயிலாடுதுறைப் பகுதி, கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்கள் அதில் வருகின்றன. அங்கே புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு போடத் தடை. நெடுவாசல் பெண்கள் 2017-ல் பந்தலில் உட்கார்ந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் சட்டத்துக்கு முன்பே நடந்துகொண்டிருந்த கிணறுகளும் குழாய்களும் அப்படியே தொடர்கின்றன. திருமக்கோட்டையிலும் குத்தாலத்திலும் எரிவாயுவில் மின்சாரம் எடுக்கும் நிலையங்கள் வந்ததே இந்த மண்ணின் வாயுவை வைத்துத்தான். ஆக இனி நமக்கு வரப்போகும் காகிதம் பெரும்பாலும் மூன்று வகை: ஓடும் கிணற்றின் குத்தகையைப் புதுப்பிப்பது, குழாய்க்கு வழி கேட்பது, மூடிய கிணற்றின் நிலத்தை ஒப்படைப்பது. மூன்றுக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். நான் செய்யச் சொல்வது இவ்வளவுதான்:

ஒன்று. பட்டாவில் உங்கள் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். இ-சேவை மையத்தில் பட்டா, சிட்டா எடுத்துப் பாருங்கள். கணவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்று வாங்கிப் பேர் மாற்றுங்கள். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதாமல் இறந்தவரின் பங்கில் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம உரிமை உண்டு. 2005-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே உரிமை. மற்ற மதத்துச் சகோதரிகளுக்குச் சட்டம் வேறு, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேர் இல்லாதவரைத் தேடி எந்தப் பணமும் வராது.

இரண்டு. குழாய் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். குழாய் பதிப்பதற்கு 1962-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கிறது. அதில் நிலத்தை வாங்க மாட்டார்கள், பயன்படுத்தும் உரிமையை மட்டும் எடுப்பார்கள். அறிவிப்பு வந்த நாளில் இருந்து 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். உரிமைக்கு நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம், அது போகப் பயிருக்கும் மரத்துக்கும் ஏற்படும் சேதத்துக்குத் தனி. தொகை சரியில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். குழாய் போன பட்டையில் பிறகு பயிர் வைக்கலாம். வீடு கட்டக் கூடாது, கிணறு குளம் வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. மகளுக்கு வீடு கட்ட வைத்திருக்கும் மனையில் குழாய் போனால் என்ன ஆகும் என்று அன்றைக்கே யோசிக்க வேண்டும்.

மூன்று. குத்தகைக்கு உழுபவர்களே, நீங்கள் ஒதுங்கி நிற்காதீர்கள். அந்தக் குழாய்ச் சட்டத்தில் நிலத்தில் பாத்தியதை உள்ள எவருக்கும் சேதத்துக்கு இழப்பீடு என்றுதான் இருக்கிறது. ஆனால் நீங்கள் குத்தகைதாரர் என்பதற்குக் காகிதம் வேண்டும். குத்தகைப் பதிவு, அடங்கலில் பேர், ஏதாவது ஒன்று. நடவுக்குப் போகும் கூலிப் பெண்களுக்கு இதில் வழி இல்லை. அந்த வயலில் எத்தனை நாள் வேலை போனது என்று எந்தக் காகிதமும் கேட்பதில்லை. இதை நம் கூட்டமைப்பு கிராம சபையில் தீர்மானமாகப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான்கு. முன்னாடியே தண்ணீரைச் சோதித்து வையுங்கள். கடலோரத்தில் அதிகமாக இறைப்பதாலும் போர்த் தண்ணீர் உப்பாகும். கிணற்றாலா, கடலாலா என்று பிறகு சண்டை போட்டால் ஆதாரம் இருக்காது. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். அந்தச் சீட்டைப் பத்திரத்தோடு வையுங்கள்.

ஐந்து. நாற்றம் வரவில்லை என்று அசட்டையாக இருக்காதீர்கள். நம் வீட்டு சிலிண்டர் நாறுவதற்குக் காரணம், கசிந்தால் தெரியட்டும் என்று அதில் வாசனைப் பொருள் கலப்பதுதான். பூமியில் இருந்து வரும் மீத்தேனுக்குத் தன் மணம் கிடையாது. குழாய் அருகே பயிர் திட்டுத் திட்டாகக் காய்ந்தாலோ, தேங்கிய தண்ணீரில் குமிழ் விட்டாலோ, 'ஸ்ஸ்' என்று சத்தம் கேட்டாலோ, தீக்குச்சி கிழிக்காமல், பைக் ஸ்டார்ட் பண்ணாமல் தள்ளிப் போய், குழாய் வழியில் நட்டிருக்கும் பலகையில் உள்ள நம்பருக்கும் தீயணைப்புக்கும் சொல்லுங்கள்.

ஆறு. நிலம் திரும்பி வரும்போது உழுகிறவர்கள் வரப்பில் நின்று பாருங்கள். கப்பி அள்ளியாச்சா, மட்டம் சரியா, வாய்க்கால் திறந்திருக்கா என்று பார்த்து, போட்டோ எடுத்து, இல்லாததை எழுதிக் கொடுத்த பிறகு கையெழுத்து. எழுத்தில் கொடுத்ததற்குப் பதிவுத் தபால் ரசீது வேண்டும்.

கடைசியாக ஒன்று. அந்தத் தகரப் பெட்டியைத் திறந்த வருஷம், குழுவில் இருந்து இரண்டு பேர் என்னோடு கிராம நிர்வாக அலுவலரிடமும் தாலுகா ஆபீஸுக்கும் வந்தார்கள். ஏழு தடவை நடந்தோம். உட்பிரிவு செய்து, அம்மா பேரில் தனிப் பட்டா வந்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. என்னை வாசிக்கச் சொல்லி, தன் பேர் வரும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இன்னொரு தடவ வாசி" என்றார். மூன்று தடவை வாசித்தேன். இந்தக் குறுவைக்கும் அந்த நிலத்தில் நட்டிருக்கிறோம். மூடிய துளை இருக்கும் இடத்தில் மட்டும் இப்போதும் பயிர் கொஞ்சம் குட்டையாகத்தான் நிற்கிறது.

இன்று கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போனதும் உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். புரியாத காகிதம் இருந்தால் அடுத்த குழுக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சேமிப்பு வசூல் முடிந்ததும் உட்கார்ந்து வாசிப்போம். வாசிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறோம்.